வேகத்திற்கு ஒரு களம்

சிங்கப்பூரில், தேக்காவிலிருந்து புறப்பட்டுச் சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் தெரு ஒன்றுண்டு. ரேஸ் கோர்ஸ் ரோடு என்பது அதன் பெயர். குதிரைப் பந்தயத் திடலின் சாலை என்பது பொருள். வாழையிலையில் உணவு பரிமாறும் கடைகளும், கோயில்களும், ஞாயிறு மாலையில் ஊர்க் கதை பேசக் கூடும் தொழிலாளத் தோழர்களும் நிறைந்த அத்தெருவில் இன்று குதிரையும் இல்லை, பந்தயமும் இல்லை. பெயர் மாத்திரம் நிலைத்திருக்கிறது. அப்பெயரின் வரலாற்றை ஆராயப் புகுந்த நாம், குதிரையிலிருந்து மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து மனிதனுக்கும் வந்து சேர்ந்தோம். வாசகர்களையும் அவ்வழியே அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

1842-ஆம் ஆண்டில் இவ்வூர் வெள்ளைக்கார வணிகர் சிலர் கூடிப் பந்தயச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மறு ஆண்டே, இப்போது ஃபேரர் பார்க் என வழங்கும் இடத்தில், முதற் குதிரைப் பந்தயம் நடைபெற்றது. 1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவ்வூர் மக்கள் முதன்முதலாக ஆகாய விமானம் பறக்கக் கண்டதும் அத்திடலிலேதான். ஓட்டியவர் ஜோசப் கிரிஸ்தியான்ஸ் என்னும் பெல்ஜியர். 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிற்று. அங்கே அதற்கு இடம் தந்தது ஒரு ரப்பர்த் தோட்டம். 1999-இல் அதனையும் விட்டுக் கிராஞ்சிக்குச் சென்றது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி, அந்த நீண்ட கதை முடிவுற்றது.

ஆகக் குதிரைக்கு இத்தீவு 181 ஆண்டுகளில் மூன்று களங்களைத் தந்தது. ஒவ்வொரு களத்திற்கும் வேலி உண்டு, வாயில் உண்டு, ஓடும் இடம் இது, நிற்கும் இடம் இது என்ற வரையறை உண்டு. குதிரையைவிடப் பன்மடங்கு விசையும் ஆபத்தும் உள்ள மோட்டார் வண்டிக்கோ, கோ-கார்ட் எனப்படும் விளையாட்டு வண்டிகளின் சிறு தடங்கள் நீங்கலாக, நிலையான பந்தயக் களம் ஒன்றும் ஏற்படவில்லை. இந்த ஒரு குறையினால் விளைந்தது யாது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

சாய்தளம் பிறந்த கதை

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி 1896-இல் வந்தது. சார்லஸ் பக்லி என்பவர் வாங்கிய பென்ஸ் வண்டி அது. அது எழுப்பிய ஓசையைக் கேட்ட மக்கள் அதற்குக் காப்பி யந்திரம் என்று பட்டப்பெயர் சூட்டி மகிழ்ந்தனர். 1907-இல் இவ்வூரில் மோட்டார்ச் சங்கமும் தோன்றிற்று. அதே 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று நம் கதைக்கு முக்கியமானது.

இங்கிலாந்தின் சட்டம் அந்நாளில் பொதுச் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் மோட்டார் ஓட்டக்கூடாதென்று விதித்திருந்தது. பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் தம் சாலைகளிலே பந்தயம் ஓட்டி யந்திரத் தொழிலில் முன்னேற, ஆங்கிலேயர் பின்தங்கினர். ஹியூ லாக் கிங் என்னும் நிலக்கிழார் இதற்கொரு வழி கண்டார். வேபிரிட்ஜ் என்ற இடத்தில் தம் சொந்த நிலத்தில், சொந்தப் பொருளைச் செலவிட்டு, மோட்டாருக்கென்றே காங்கிரீட்டால் ஒரு களம் கட்டுவித்தார். அதுவே புரூக்லண்ட்ஸ். சுற்றளவு இரண்டே முக்கால் மைல். அகலம் 100 அடி. வளைவுகளில் தரை தட்டையாக இராமல், வெளிப்புறம் ஏறக்குறைய 30 அடி உயரத்திற்கு மதில்போல் எழும்பி நின்றது. இவ்வாறு வெளிக்கரையை உயர்த்திய களத்தைச் சாய்தளக் களம் எனலாம்.

தரையை ஏன் சாய்க்க வேண்டும்? ஓர் எலுமிச்சம்பழத்தை அகன்ற வாணலியில் இட்டு, வாணலியை வட்டமாக ஆட்டிப் பாருங்கள். பழம் மெதுவாக உருளும்போது அடியில் நிற்கும். வேகம் ஏற ஏறச் சுவரின்மேல் ஏறி ஓடும். திருவிழாச் சந்தைகளில் மரணக் கிணறு என்ற காட்சியைக் கண்டவர்களுக்கு இது நன்கு விளங்கும். மரப்பலகைக் கிணற்றின் செங்குத்தான சுவரிலே மோட்டார் சைக்கிள் ஓடுவதும், விழாமல் நிற்பதும் மந்திரத்தால் அன்று. நேரே செல்ல விரும்பும் வண்டியைச் சுவர் உட்புறமாகத் திருப்பிக்கொண்டேயிருக்கிறது. தட்டையான தரையில் அவ்வேலையை டயரின் பிடிப்பு ஒன்றே செய்ய வேண்டும். பிடிப்பு தவறினால் வண்டி வெளியே பாய்ந்துவிடும். சாய்தளத்திலோ தரையே கை கொடுக்கிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, டயரின் பிடிப்பைச் சற்றும் நம்பாமல் திரும்ப வேண்டுமாயின், தரை ஏறக்குறைய 27 பாகை சாய்ந்திருத்தல் வேண்டும். வேகம் இருமடங்கானால், வண்டியைத் திருப்ப வேண்டிய விசை இருமடங்கன்று, நான்கு மடங்காகும். இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

புரூக்லண்ட்ஸ் திறந்த சில நாட்களுக்குள் செல்வின் எட்ஜ் என்பவர் 24 மணி நேரம் ஓயாமல் ஓட்டி 1,581 மைல் கடந்தார். மோட்டார்ப் பந்தயத்திற்கென வழக்கம் எதுவும் அதுவரை அங்கே இல்லாமையால், குதிரைப் பந்தயத்தின் வழக்கங்களையே கடன் வாங்கினர். முதற் பந்தயங்களில் ஓட்டுநர்கள் குதிரைச் சவாரிக்காரரைப்போல் வண்ண வண்ணச் சட்டை அணிந்து வந்தார்களாம்! தகுந்தோர் கூட்டம், நெரிசல் இல்லாக் கூட்டம் என்னும் கருத்துப்பட அவர்கள் விளம்பரமும் செய்தனர். தகுந்தோர் என்றால் யாரென்று நம் தோட்டத்துத் தோழர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. துரைமார் கிளப்பின் வாயிலில் எழுதாமல் எழுதியிருந்த வாசகமும் அதுவேயன்றோ!

எனினும் யந்திரம் ஒரு சமத்துவவாதி. 1922-இல் ஆஸ்டின் செவன் என்ற சிறு வண்டியும், 1929-இல் எம்.ஜி. மிட்ஜெட் என்ற 847 சி.சி. சிறு பந்தய வண்டியும் கடைக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. பெருஞ்செல்வர் அல்லாதாரும் வார நாட்களில் அலுவலுக்கு ஓட்டிச் செல்லும் வண்டியை ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறக்கலாயினர். இவர்களை அமெச்சூர் என்பர். நாடக சபைகளின் வழியே நம்மவர்க்கு நன்கு பழகிய சொல் இது. கூலிக்காகவன்றி அன்பினால் ஒன்றைச் செய்பவன் என்பதே அதன் மூலப்பொருள். 1935-இல் சயாம் நாட்டு இளவரசர் பீரா, ரைலி இம்ப் என்னும் சிறு வண்டியோடு புரூக்லண்ட்ஸில் இறங்கித் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். கீழ்நாட்டான் ஒருவன் அச்சாய்தளத்தில் ஏறிவிட்டான் என்ற செய்தி இப்பக்கத்து இளைஞர்களுக்கு எத்துணை ஊக்கம் தந்திருக்கும்!

சாய்தளம் இருந்தும் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. ஒரு மணி நேரத்தில் 100 மைலுக்கு மேல் கடந்த முதல் மனிதர் பெர்சி லாம்பெர்ட். 1913 பிப்ரவரியில் அச்சாதனையைச் செய்த அவர், அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலே அதே களத்தில் டயர் வெடித்து மாண்டார். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அவர் தாம் விரும்பி ஏறிய களத்தில், தாம் அறிந்து ஏற்ற ஆபத்தினால் இறந்தார். வழியோடு போன ஒருவனை அவர் வேகம் கொல்லவில்லை. களம் என்பதன் பொருள் இதுவே. 1939-இல் போர் மூண்டபோது புரூக்லண்ட்ஸில் பந்தயம் நின்றது. இடம் விமானத் தொழிலுக்குப் பயன்பட்டது.

பாலும் சாலையும்

நிற்க. லாம்பெர்ட்டைக் கொன்ற டயர் எந்த மரத்தின் பால் என்று யார் அறிவார்? இவ்விடத்தில் நம் மக்களின் கதை குறுக்கிடுகிறது.

1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே 1888-இல் ஹென்றி ரிட்லி என்பவர் நம் பூங்காவின் தலைவராக வந்தார். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை அவரே இங்குச் செம்மைப்படுத்தினார். ஒருவரையொருவர் அறியாத அவ்விருவரின் வேலையும் ஒன்றோடொன்று பொருந்திற்று. மோட்டார் பெருகிற்று, டயர் பெருகிற்று, காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களை நிரப்பக் கங்காணிமார் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் ஆள் திரட்டினர். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, பனியில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய தமிழ்ப் பெண்ணின் கைதான் உலகத்தின் வேகத்தைத் தாங்கிற்று. இஃது அலங்காரப் பேச்சன்று. கணக்கு நூல் காட்டும் உண்மை.

சாலையின் கதையும் அத்தகையதே. 1825 முதல் 1873 வரையில் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள் இத்தீவின் பெருஞ்சாலைகள் பலவற்றை அமைத்தனர். அவர்களுக்குப்பின் நகராட்சியின் சாலைக் கூலிகளாய்த் தார் ஊற்றியவர்களிலும் நம்மவர் மிகுதி. தாம்சன் சாலை, 1840-களில் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சனின் பெயர் தாங்கியது. அளந்தவன் பெயர் சாலைக்கு. உழைத்தவன் பெயர் ஊர் அறியாது. உலக வழக்கம் இதுதான் போலும்.

தாம்சன் சாலைப் பந்தயம்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் சிங்கப்பூரில் சிறு பந்தய வண்டிகளை விரும்பியோர் தொகை பெருகிற்று. போர் முடிந்த 1945-இல் வெளிவந்த எம்.ஜி. டி.சி. போன்ற வண்டிகள் இத்தீவிலும் ஓடின. தெற்கு புவோனா விஸ்டா சாலையில் கேப் என வழங்கும் மேட்டில், ஒவ்வொருவராய்க் கடிகாரத்தோடு போட்டியிட்டு ஏறும் மேடேறு பந்தயம் நடந்தது. லிம் சூ காங் சாலையின் நேர்பகுதியில் விரைவோட்டச் சோதனைகள் நடந்தன. மருத்துவரும், வணிகரும், பட்டறைக்காரரும் தம் கையாலேயே யந்திரத்தைப் பிரித்து மாட்டி வந்து கலந்துகொண்ட காலம் அது. களமில்லை, சாலையே களம்.

1961-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16, 17 ஆகிய நாட்களில் அவ்வழக்கம் பேருருவம் எடுத்தது. வெளிநாட்டுப் பயணிகளை வரவழைக்கும் முயற்சியின் ஓர் அங்கமாக, மேல் தாம்சன் சாலையிலும் பழைய மேல் தாம்சன் சாலையிலும் கிராண்ட் பிரீ என்னும் பெரும்பந்தயம் நடத்தப்பட்டது. சுற்று ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர். நீ சூன் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும், செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழரும் மலையாளிகளும் உழைத்து வாழ்ந்த பகுதியை ஒட்டியது அச்சாலை. பல்லாயிரம் மக்கள் கூடினர்.

அச்சுற்றின் பகுதிகளுக்கு ஓட்டுநர் இட்ட பெயர்களே அதன் தன்மையைச் சொல்லும். தாம்சன் மைல் என்பது நேர்ச்சாலை. அதில் வண்டியின் சக்கரம் தரையை விட்டெழச் செய்யும் ஒரு திமில். பின்னர்ச் செம்பவாங் வட்டத்தருகே கொண்டையூசி வளைவு. அதன்பின் காட்டுக்குள் பாம்புகள் எனப்பட்ட நான்கு வளைவுகள். அடுத்துப் பிசாசு வளைவு. சாலையோரம் விளக்குக் கம்பங்கள், பேருந்து நிறுத்தங்கள், ஆழமான மழைக்கால்வாய்கள். நாள்தோறும் பேருந்துகள் சிந்திய எண்ணெய் நேர்ச்சாலையிலே படிந்து கிடக்கும்.

முன்னர்ச் சொன்ன கணக்கை இங்கே நினைவு கூர்தல் வேண்டும். ஊர்ச்சாலையின் நடுவே சிறிது மேடாக்கி இருபுறமும் சரிப்பது மழைநீர் வடிவதற்காக. வளைவுகளில் சிறு சாய்வு இருப்பினும், அது லாரியும் பேருந்தும் செல்லும் வேகத்திற்குக் கணக்கிட்டது. சாய்தளக் களம் வேகத்தைத் தாங்கக் கட்டியது. ஊர்ச்சாலை மழையைத் தள்ளக் கட்டியது. மழைக்குக் கட்டிய சாலையில் மணிக்கு நூறு மைல் வேகத்தை ஏற்றினால், வண்டியைப் பிடித்து நிறுத்த டயரின் பிடிப்பன்றி வேறு துணையில்லை. ஓட்டுநன் வழுவினால், அவனை எதிர்கொள்வது கம்பமோ கால்வாயோதான். 1964-ஆம் ஆண்டுப் பந்தயம் மழை கொட்டியதால் இடையிலேயே கைவிடப்பட்டது. அந்த மழை எத்தனை பேர் உயிரைக் காத்ததோ!

எனினும் அப்பந்தயத்தின் பெருமையையும் மறைத்தல் நேர்மையன்று. 1961-இல் இயன் பார்ன்வெல் ஆஸ்டன் மார்ட்டின் வண்டியில் முதல் வெற்றி கண்டார். மறு ஆண்டில் மலேசிய கிராண்ட் பிரீ என்ற பெயரில் நடந்த பந்தயத்தில் யோங் நாம் கீ ஜாகுவார் இ-டைப் வண்டியில் வென்றார். 1963-இலும் 1965-இலும் ஹாங்காங்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பூன், லோட்டஸ் 23 என்னும் இலேசான சிறு வண்டியில் வாகை சூடினார். நாடு விடுதலை பெற்றபின் 1966-இல் முதன்முறை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ என்ற பெயரில் ஓடியபோது லீ ஹான் செங்கும், 1967-இல் ரோட்னி சியோவும் வென்றனர். துரைமாரின் விளையாட்டாக வந்த ஒன்றைக் கீழ்நாட்டார், சிறு வண்டியும் சொந்தக் கைத்திறனும் கொண்டு, தமதாக்கிக்கொண்ட ஆண்டுகள் அவை. நிறத்தால் மேன்மை என்ற பொய்யை யந்திரத்தின் முன்னே உடைத்ததும் ஒரு சீர்திருத்தமே என்போம்.

1968 முதல் காற்றுத் திசை மாறிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும், பந்தயத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் மிகு விசையுள்ள வண்டிகளோடு வந்தனர். கேரி கூப்பர் 1968-இல் வென்றார். கிரேம் லாரன்ஸ் 1969, 1970, 1971 என மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்றார். 1972-இல் மாக்ஸ் ஸ்டுவர்ட்டும், 1973-இல் வெர்ன் ஷுப்பனும் வென்றனர். வேகம் ஆண்டுதோறும் ஏறிற்று. சாலையோ அதே சாலை. கம்பமும் கால்வாயும் இருந்த இடத்திலேயே இருந்தன. வேகம் ஏற ஏறத் திருப்பும் விசை வர்க்கமாய்ப் பெருகும் என்ற கணக்கு மட்டும் எவருக்காகவும் தளரவில்லை. 1972-இல் லயனல் சான் என்ற ஓட்டுநர் உயிரிழந்தார். மறு ஆண்டில் ஜோ ஹூபர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் மாண்டார். அவர்களுக்கு முன்னும் அச்சாலை உயிர்ப்பலி கொண்டிருந்தது. 1973-ஆம் ஆண்டுப் பந்தயமே கடைசியாயிற்று. அதன்பின் அரசாங்கம் அனுமதிக்கவில்லை.

நிறுத்தியது சரியா?

நிறுத்தியது சரியென்பாரும், தவறென்பாரும் இன்றும் உளர். ஆபத்தான சாலையில் மனிதரைச் சாகவிடுவது விளையாட்டாகாது, அதைக் கண்ட இளைஞர் பொதுச் சாலையிலும் அவ்வாறே ஓட்ட முனைவர் என்பது ஒரு சாரார் வாதம். உள்ளூர் அமெச்சூர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்த்த கலையை வேரோடு பிடுங்கிவிட்டனர் என்பது மறு சாரார் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு என்பதே நம் கருத்து. அந்தச் சாலையில் அப்பந்தயத்தை நிறுத்தியது சரியே. ஆனால், நிறுத்தியதோடு நின்றுவிட்டதுதான் குறை. குதிரைக்கு ஃபேரர் பார்க் போதாதபோது புக்கிட் தீமா கிடைத்தது. மோட்டாருக்குத் தாம்சன் சாலை ஆகாதென்றபோது மாற்றுக் களம் கிடைக்கவில்லை.

ஆகவே விருப்பமுடையோர் பாலத்தைக் கடந்தனர். கோலாலம்பூருக்கு அருகே பத்து தீகாவில் 1968-இலேயே தனிக் களம் ஏற்பட்டிருந்தது. 1986-இல் ஜோகூரில் பாசிர் கூடாங் களமும், 1999-இல் செப்பாங் களமும் வந்தன. சிங்கப்பூரில் சாங்கியில் ஒரு நிலையான களம் அமைக்க 2010-ஆம் ஆண்டளவில் முயற்சி தொடங்கியும் அது நிறைவேறவில்லை. 2008-இல் மரீனா பே வட்டாரத்தின் சாலைகளில் விளக்கொளியில் இரவுப் பந்தயம் தொடங்கிற்று. தடுப்புச் சுவர்களும் வலைகளும் நிறுத்தி, மிகுந்த காவலோடு நடக்கும் அதனைத் தாம்சன் சாலையோடு ஒப்பிடலாகாது. எனினும் அஃது உலக வீரர்கள் வந்து ஓட்டிப் போகும் காட்சி. நம் பட்டறைப் பையன் தன் கையால் திருத்திய சிறு வண்டியை இறக்குவதற்கு அங்கே இடமில்லை.

சோழவரத்திலிருந்து சாய்தளத்திற்கு

பொருள் மிக்க ஊர் செய்யாததைத் தமிழ்நாட்டு அமெச்சூர்கள் செய்தார்கள் என்று சொன்னால் வாசகர் வியக்கலாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்தில் அமைத்த விமானத் தளம் ஒன்று பயனின்றிக் கிடந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையிலே பந்தயம் நடத்திற்று. ஊர்ச்சாலையை மறிக்காமல், பல்லாண்டுகள் அங்கே வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. அதோடு அவர்கள் நிற்கவில்லை. சங்கமே நிலம் தேடி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் கட்டி 1990-இல் திறந்தது.

கோவையைச் சேர்ந்த கரிவரதன் என்பாரை இங்கு நினைத்தல் கடமை. வெளிநாட்டுப் பந்தய வண்டிக்குக் கொடுக்கப் பணமில்லாத இளைஞர் எப்படி ஓட்டுவது என்று அவர் சிந்தித்தார். தெருவெங்கும் ஓடிய மாருதி 800 வண்டியின் 796 சி.சி. யந்திரத்தை எடுத்து, ஒருவர் அமரும் சிறு பந்தய வண்டி செய்து, அவ்வகை வண்டிகளுக்கென்றே பந்தயத்தையும் உண்டாக்கினார். எல்லார் வண்டியும் ஒரே விசை. ஆகவே பணத்திற்கன்று, திறமைக்கே வெற்றி. 1995-இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-இல் எழுந்த களம் அவர் பெயரைத் தாங்குகிறது.

அச்சிறு வண்டியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பந்தயம். 1909-இல் கட்டிய பழம்பெரும் சாய்தளக் களம் அது. அதன் வளைவு ஒன்றில் 9 பாகைக்குச் சற்று மேற்பட்ட சாய்வு. அச்சாய்வில் வண்டியின் முழு வேகமும் டயரை அழுத்த, மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் தாங்கமாட்டா என்று ஓட்டப் பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. பந்தயம் தொடங்குமுன் 14 வண்டிகள் விலகின. 6 வண்டிகளே ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்த நரேன் 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் புள்ளிகள் அவை.

ஆளில்லாப் பந்தயத்தில் வாங்கிய புள்ளி என்று ஏளனம் செய்தாரும் உண்டு. நாம் அங்ஙனம் எண்ணவில்லை. அன்று அந்த 14 வண்டிகள் விலகியதிலே ஓர் அறம் இருக்கிறது. டயர் தாங்காதென்று தெரிந்தபின் மனிதனை ஏற்றி அனுப்பலாகாது என்ற முடிவு அது. 1913-இல் லாம்பெர்ட்டுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்கவில்லை. 92 ஆண்டுகளில் உலகம் அவ்வளவேனும் கற்றிருந்தது. நரேன் அங்கே நிற்க நேர்ந்ததும் தற்செயலன்று. சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஊதியம் கருதாச் சிலர் களம் அமைத்ததன் கனி அது. களம் அமைத்தால் ஆள் வருவான்.

நம் இளைஞர்க்கு ஒரு சொல்

அண்மையில் ஒரு காலைப்பொழுதில் நாம் பழைய மேல் தாம்சன் சாலையில் நடந்து சென்றோம். பாம்புகளும் பிசாசும் இப்போது மரநிழலில் உறங்குகின்றன. அருகே முன்பு ஹைனான் கிராமம் இருந்த இடம் 2019 முதல் இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. குரங்குகள் அச்சமின்றிச் சாலையைக் கடக்கின்றன. ஒருவேளை அச்சாலைக்கு உரிய வேகம் அதுவேதானோ என்று தோன்றிற்று.

பணக்காரர் விளையாட்டைப்பற்றித் தொழிலாளர் படிக்கும் ஏட்டில் ஏன் இத்தனை பேச்சு என்று சிலர் வினவக்கூடும். நம் விடை இது: சாலை நம்முடையது, டயரில் இருப்பது நம் தாய்மார் வெட்டிய பால், சாலையில் விழுபவனும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையே. தோட்டத்திலும் பட்டணத்திலும் நள்ளிரவில் பொதுச் சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டு, மறுநாள் காலையில் தாயை அழவைக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களைக் காலிகள் என்று வைது ஒதுக்குவது எளிது. வேகத்தின்மேல் ஆசை இளமையின் இயல்பு, அது குற்றமன்று. ஆனால் சாலையில் அவர்கள் மட்டும் இல்லை. இரவு வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளி இருக்கிறான். விடியற்காலையில் பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளை இருக்கிறது. அவர்கள் எவரும் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்தவர்கள் அல்லர்.

ஆகவே இளைஞர்க்கு நாம் சொல்வது ஒன்று: யந்திரத்தை நேசியுங்கள்; பிரித்துப் பாருங்கள்; கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஊர்ச்சாலையைக் களமாக்காதீர்கள். அதன் வளைவு உங்கள் வேகத்திற்குக் கட்டப்பட்டதன்று. ஊராள்வோர்க்கும், பொருளுடையோர்க்கும், நம் சங்கங்களுக்கும் சொல்வது மற்றொன்று: தடை விதிப்பது பாதி வேலை, களம் அமைப்பதே மறுபாதி. பெரிய களம் வேண்டாம். வேலியிட்ட ஒரு சிறு திடலும், தலைக்கவசமும், கற்பிக்க ஒரு பட்டறைக்காரரும் இருந்தால் தொடக்கத்திற்குப் போதும்.

குதிரைக்கு மூன்று களம் கண்ட ஊரில், மனிதப் பிள்ளைக்கு ஒன்று காணுதல் அரிதோ?